படைவீரரின் ஊழிய ஏட்டிலுள்ள பிழைகளும் விடுபட்ட பதக்கங்களும்: திருத்திக்கொள்ளும் முறை

நமது ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்களுள் பட்டாளத்தில் ஊழியஞ் செய்து திரும்பியவர்களும், அவர்களுடைய விதவைகளும் மக்களும் பலர் இருக்கின்றனர். விருதுநகர் ஜில்லா, காரியாபட்டி தாலூகாவைச் சேர்ந்த மல்லாங்கிணறும் அதன் சுற்றுக் கிராமங்களும் வானம் பார்த்த பூமியாகும். மழை பொய்த்த வருஷத்தில் நிலம் ஒன்றும் கொடாது. பட்டாளத்துக்குப் போய்வந்தவரின் வீட்டில் மட்டும் உபகாரச் சம்பளம் மாதந்தோறும் வந்து குடும்பத்தைத் தாங்கும். அச்சம்பளம் அவர் பட்ட பாட்டைப் பார்த்து வருவதன்று. ஏட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வருவதாகும். ஏட்டில் ஓர் எழுத்துப் பிழைத்தால் சம்பளம் தடைப்படும். ஆகையால் அந்த ஏட்டில் பிழை நேரும் விதத்தையும், அதனைத் திருத்திக்கொள்ளும் முறையையும், பெறவேண்டிய பதக்கம் விடுபட்டிருந்தால் செய்யவேண்டுவதையும் இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

ஊழிய ஏடு யாது?

ஒருவர் படையிற் சேரும் நாளிலேயே அவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம் முதலியன ஓர் ஏட்டில் பதியப்படுகின்றன. ஷீட் ரோல் என்று வழங்கும் இதுவே மூல ஏடு. பின்னர் அவருக்கு விவாகம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார், காயமுற்றார், பதக்கத்துக்கு உரியவரானார் என்ற ஒவ்வொரு செய்தியும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் உத்தரவில் வெளியாகி, அந்த ஏட்டில் ஏறும். உத்தரவில் வெளியாகாத செய்தி ஏட்டைப் பொறுத்தவரை நடவாத செய்தியே.

ஓய்வு பெறும்போது சிப்பாயின் கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் புஸ்தகமும், உபகாரச் சம்பளத்துக்கு ஆதாரமான பி.பி.ஓ. என்னும் உத்தரவும் மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்டவை. மூல ஏடு ஊரில் இராது. அந்தந்தப் படைப்பிரிவின் ரிக்கார்டு ஆபீஸில் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டின் ரிக்கார்டு ஆபீஸ் நீலகிரியில் வெல்லிங்டனிலும், மதராஸ் என்ஜினீயர் குரூப்பினுடையது பெங்களூரிலும், பீரங்கிப் படையினுடையது நாசிக்கிலும், சிக்னல் படையினுடையது ஜபல்பூரிலும், ஈ.எம்.ஈ. பிரிவினுடையது செகந்திராபாத்திலும், மருத்துவப் பிரிவினுடையது லக்னோவிலும் உள்ளன. ஆகாயப் படையினரின் ஏடுகள் டில்லியிலும், கடற்படை மாலுமிகளின் ஏடுகள் பம்பாயிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஆபீஸுக்கு எழுதுவதென்று தெரியாமல் வேறோர் ஆபீஸுக்கு எழுதி, மாதக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருப்போர் பலர்.

பிழை நேரும் விதம்

முதலாவது, பெயர். நம்மவர் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே வைப்பர். குடும்பப் பெயர் வைப்பதில்லை. வடநாட்டு வழக்கமோ வேறு. எழுதுபவர் முதலெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரைப் பின்னே சேர்த்துவிடுவதும், முதலெழுத்தையே விட்டுவிடுவதும் உண்டு. கருப்பசாமி, இருளப்பன், பிச்சை முதலிய பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒற்று ஓரிடத்தில் மிகும், ஓரிடத்தில் மறையும். தமிழிற் படித்தால் ஒரே ஆள். ஆங்கிலத்தில் ஒப்பிடும் யந்திரத்துக்கோ இரண்டு ஆட்கள்.

இரண்டாவது, ஊர். மல்லாங்கிணறு என்ற பெயரை ஆங்கிலத்தில் ஈற்று உகரத்தோடும், அஃதின்றியும் எழுதுகின்றனர். அன்றியும் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஜில்லாவின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1985-ஆம் வருஷம் வரையில் இது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வருஷம் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது காமராஜர் ஜில்லா ஆயிற்று. 1997-இல் விருதுநகர் ஜில்லா ஆயிற்று. 1970-இல் படையிற் சேர்ந்தவரின் ஏட்டில் முதற்பெயரும், 1990-இல் சேர்ந்தவரின் ஏட்டில் இரண்டாவது பெயரும் இருப்பது பிழையன்று. அதனைக் கண்டு பயப்பட வேண்டுவதில்லை. ஜில்லாவின் பெயர் மாறிய விவரத்தை விண்ணப்பத்தில் ஒரு வரியில் எழுதினாற் போதும்.

மூன்றாவது, பிறந்த தேதி. முற்காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டவர் மிகுதி. பள்ளியிற் சேர்த்த வாத்தியார் குறித்த தேதி ஒன்று, தாயார் சொல்லும் தேதி ஒன்று, ஆதார் அட்டைக்காகச் சொல்லிய தேதி ஒன்று என மூன்று தேதிகள் ஒருவருக்கே இருக்கக் காண்கிறோம்.

நான்காவது, குடும்பம். இதுவே எல்லாவற்றிலும் பெருந் துன்பத்தை விளைவிப்பது. விடுமுறையில் வந்து விவாகஞ் செய்துகொண்டவர் அதனைப் பட்டாளத்தில் தெரிவிக்காமல் இருந்துவிடுகிறார். அல்லது மனைவியின் வீட்டுப் பெயரைத் தெரிவிக்கிறார். குடும்ப அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அவர் உயிரோடிருக்கும் வரையில் இதனால் குறை ஒன்றும் தோன்றாது.

ஓர் உதாரணம்

1968-இல் படையிற் சேர்ந்து, 1985-இல் ஓய்வு பெற்ற ஒரு சிப்பாயை நினைத்துக்கொள்வோம். ஏட்டில் மனைவியின் பெயர் ‘மாரி’. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பாங்குப் புஸ்தகத்திலும் ‘மாரியம்மாள்’. பிறந்த வருஷத்திலும் நான்கு வருஷ வித்தியாசம். நாற்பது வருஷம் உபகாரச் சம்பளம் தடையின்றி வந்தது. சிப்பாய் காலமானார். அன்றே அவருடைய சம்பளம் நின்றது. விதவைக்குரிய குடும்ப உபகாரச் சம்பளம் தொடங்கவில்லை. ஏட்டிலுள்ள மாரியும் எதிரில் நிற்கும் மாரியம்மாளும் ஒருவரே என்று இப்போது யார் சொல்வது? சொல்லத்தக்க ஒருவர் இறந்துவிட்டார். அந்த அம்மாள் ஈமச் செலவுக்குப் பட்ட கடனுடன் ஜில்லாத் தலைநகருக்கும் நோட்டரியிடத்துக்கும் அலைய வேண்டியதாகிறது. கணவர் இருந்த காலத்தில் இருவரும் கூடி ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

எதனை எதற்கு இணங்கத் திருத்துவது?

நமது அங்கத்தினர்கள் பட்டா, கிரயப் பத்திரம் முதலியவற்றில் பழகியவர்கள். நகலில் பிழையிருந்தால் மூலத்தைப் பார்த்து நகலைத் திருத்துவதும், மூலத்திலேயே பிழையிருந்தால் அதைவிடப் பழைய ஆதாரத்தைக் காட்டித் திருத்துவதும் அவர்கள் அறிந்த முறை. இங்கும் அதுவே முறை.

சிப்பாயின் சொந்தப் பெயரும் பிறந்த தேதியும் மூல ஏட்டிலும் டிஸ்சார்ஜ் புஸ்தகத்திலும் ஒத்திருந்து, ஆதாரில் மட்டும் வேறுபட்டால், ஆதாரையே திருத்த வேண்டும். படையிற் சேரும்போது பதியப்பட்ட பிறந்த தேதியை ஓய்வுக்குப் பின் மாற்றுவது சாதாரணமாக இயலாது. அதற்கென்று முயல்வோர் காலத்தையும் பணத்தையும் இழப்பர். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவையும், பிறந்த தேதியை ஒரு தடவையுமே மாற்றிக்கொள்ள விதி இடங்கொடுக்கிறது. ஆதலால் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.

மூல ஏட்டில் சரியாக இருந்து, பி.பி.ஓ.வில் மட்டும் பிழை இருந்தால், ரிக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். அவர்கள் ஏட்டைப் பார்த்துச் சிபாரிசு செய்ய, தரைப்படையினருக்கு அலகாபாத்திலுள்ள, இப்பொழுது பிரயாக்ராஜ் என வழங்கும் நகரிலுள்ள, பாதுகாப்புக் கணக்கு ஆபீஸார் திருத்த உத்தரவு பிறப்பிப்பர்.

மனைவி மக்களின் பெயரோ பிறந்த தேதியோ மூல ஏட்டிலேயே பிழைபட்டிருந்தால், அல்லது எழுதப்படாமலே இருந்தால், ஆதாரங்களுடன் ரிக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் விவாகஞ் செய்துகொண்ட மனைவியின் பெயரையும் இவ்வாறு சேர்க்கலாம். அங்கவீனத்தாலோ மனநோயாலோ சம்பாதிக்க இயலாத பிள்ளை இருந்தால், பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும்போதே வைத்தியச் சான்றுடன் அப்பிள்ளையின் பெயரை ஏற்றுவிக்க வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப உபகாரச் சம்பளம் கிடைக்க விதி உண்டு. இதனை அறியாத பெற்றோர் மிகப் பலர்.

விண்ணப்பம் செல்லும் வழி

விருதுநகரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ரிக்கார்டு ஆபீஸுக்கு நேரே எழுதத் தடையில்லை. எனினும் இந்த அலுவலகத்தின் மூலமாக அனுப்புவதே சிறந்தது. அங்கே தஸ்தாவேஜுகள் சரிபார்க்கப்பட்டு மேலொப்பமும் பெறுவதால், அனுப்பிய கட்டு குறைபாட்டுக்காகத் திரும்பி வருவது குறையும்.

பெயர் திருத்தத்துக்குச் சாதாரணமாக வேண்டுவன இவை:

1. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி இவற்றைத் தெளிவாகக் குறித்த விண்ணப்பம். இவற்றுள் படை எண்ணே தலையாயது. பெயர் பிழைத்தாலும் எண்ணைக்கொண்டு ஏட்டைக் கண்டுபிடிக்கலாம்.

2. டிஸ்சார்ஜ் புஸ்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகல், பி.பி.ஓ. நகல்.

3. ஏட்டிலுள்ள பெயரும் இப்போது வழங்கும் பெயரும் ஒருவருடையவே என்று மாஜிஸ்டிரேட் அல்லது நோட்டரி முன்னிலையில் செய்த பிரமாண வாக்குமூலம்.

4. கேட்கப்படுமாயின், பத்திரிகையில் செய்த விளம்பரம்.

5. பள்ளிச் சான்று, விவாகப் பதிவு, பிறப்புச் சான்று, ஆதார் முதலியவற்றின் நகல்கள். மனைவியின் பெயரைச் சேர்ப்பதாயின் தம்பதிகள் சேர்ந்தெடுத்த புகைப்படம்.

மூலப் பத்திரங்களை ஒருபோதும் தபாலில் அனுப்பலாகாது. நகல்களையே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை விண்ணப்பத்தின் பிரதியோடு தைத்து வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் புஸ்தகம் தொலைந்துபோயிருந்தால் போலீஸில் எழுதிவைத்துச் சான்று பெற்று, பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாதவர், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் தமது ஏட்டின் நகலைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தருவது விதி.

இப்போது உபகாரச் சம்பளம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணைய முறையில் வழங்கப்படுகிறது. முன்பு ஊர்ப் பாங்கில் இருந்தவர் ஆளை அறிவார். எழுத்து வித்தியாசத்தைப் பாராட்டமாட்டார். யந்திரமோ எழுத்தை மட்டுமே அறியும். எத்தனையோ வருஷங்களாக உறங்கிக்கிடந்த பிழைகள் இப்போது வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

விடுபட்ட பதக்கங்கள்

பதக்கங்கள் இருவகைப்படும். வீரச் செயலுக்காக மேலதிகாரியின் சிபாரிசின் மேல் வழங்கப்படுபவை ஒரு வகை. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் ஊழியஞ் செய்த யாவருக்கும் உரியவை மற்றொரு வகை. முதல்வகை வழங்கப்பட்டதாக உத்தரவு இருந்து ஏட்டில் ஏறாமற்போயிருந்தாலன்றி, அதனைத் திருத்தத்தின் மூலம் பெற இயலாது. இரண்டாம் வகையோ தகுதியுள்ள ஒவ்வொருவரும் கேட்கத்தக்க உரிமை.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1945-ஆம் வருஷத்தில் இந்தியப் படையில் சுமார் 25 லக்ஷம் பேர் இருந்தனர். யுத்தம் முடிந்து படை கலைக்கப்பட்டு, ஆட்கள் ஊர் திரும்பிய பின்னரே பதக்கங்கள் வழங்கப்பட்டமையால், அவை பலருக்குப் போய்ச் சேரவில்லை. போர்முனைகளில் ஆறு மாத ஊழியத்துக்கு 1939-45 ஸ்டார் என்றும், 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையில் பர்மா யுத்தத்தில் ஈடுபட்டோருக்குப் பர்மா ஸ்டார் என்றும், இந்தியாவிலேயே மூன்று வருஷம் ஊழியஞ் செய்தோருக்கு இந்தியா சர்வீஸ் மெடல் என்றும் வகுத்திருந்தனர்.

சுதந்திரத்துக்குப் பின் 1965 யுத்தத்துக்கு ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும், 1971 யுத்தத்துக்குச் சங்க்ராம் மெடலும், கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டாரும் ஏற்பட்டன. 1999 கார்கில் யுத்தத்துக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும் உண்டு. ஒன்பது, இருபது, முப்பது வருஷ நீண்ட ஊழியத்துக்கும், சுதந்திரத்தின் 25-ஆம், 50-ஆம் ஆண்டு நிறைவுகளுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் உள்ளன.

யுத்த காலத்தில் பட்டியல் தயாரித்தவர் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை விட்டுவிடுவதும், அந்தச் சமயத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவரை இரு பிரிவினரும் எழுதாமல் விடுவதும் நேர்ந்தன. அத்தகையவர் தாம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில் இன்ன பிரிவில் இன்ன இடத்தில் இருந்ததாக டிஸ்சார்ஜ் புஸ்தகத்தைக் கொண்டு எழுதி, ரிக்கார்டு ஆபீஸைக் கேட்க வேண்டும். பதக்கம் பெறவே இல்லையா, அல்லது பெற்றுத் தொலைந்ததா என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். முதலாவதற்கு உரிமை விண்ணப்பமும், இரண்டாவதற்கு விலை கட்டிப் பெறும் பிரதி விண்ணப்பமும் ஆகும். இரண்டையும் குழப்பினால் விண்ணப்பம் நின்றுவிடும்.

ஊழியப் பதக்கத்தினால் மாதச் சம்பளம் உயராது. ஆயின் ஒருவர் யுத்த முனையில் இருந்தார் என்பதற்கு அது சாட்சி. பின்னாளில் காயத்தையோ நோயையோ குறித்து விவகாரம் எழுந்தால், அந்தச் சாட்சி பயன்படும்.

எழுதாமல் விட்ட பெயர்கள்

சிப்பாயின் பெயர் விடுபடுவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1914-ஆம் வருஷத்து யுத்தத்தில் மெசபொடேமியாவில் மாண்டோருக்காகப் பாஸ்ராவில் கட்டிய நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயராகவும், அதன் கீழ் ஓர் எண்ணிக்கையாகவும் குறிக்கப்பட்டனர். மதராஸ் ஸாப்பர்களும் அந்த யுத்த முனையில் இருந்தவர்களே. யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷன் 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரையில் மற்றவர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் 1,16,000 பேராவது, ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் குறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் சர்க்காரும் அவ்வருஷமே பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டனர். விடுபட்ட பெயரைத் தக்க ஆதாரத்துடன் தெரிவித்தால் அக்கமிஷன் விசாரித்துச் சேர்க்கிறது. வீட்டில் அக்காலத்துப் பதக்கம் இருப்பவர் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். எண், பெயர், படைப்பிரிவு அதில் வெட்டியிருக்கும். துலக்கித் துலக்கி அவ்வெழுத்தை அழித்துவிடலாகாது.

காலதாமதத்தின் நஷ்டம்

உபகாரச் சம்பளம் பெறாமல் விலகியவர்களின் ஊழிய ஏடுகள், விலகிய 25 வருஷங்களுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. அப்பால் லாங் ரோல் என்னும் பெயர்ப் பட்டியில் ஒரு வரி மட்டுமே மிஞ்சும். அந்த ஒரு வரியைக்கொண்டு காயத்தையோ பதக்கத்தையோ நிரூபிப்பது அரிது. ஆகையால் அத்தகையவர் வீட்டிலுள்ள டிஸ்சார்ஜ் புஸ்தகமே எஞ்சிய மூலமாகும். அதனைக் கறையானுக்குக் கொடுக்கலாகாது.

உரிமை உண்டென்று நிரூபித்தாலும் தாமதித்தவருக்கு நஷ்டம் உண்டு. 1983-இல் நோயின் காரணமாகப் படையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், அங்கவீன உபகாரச் சம்பளம் கோரி 1999-இல்தான் கோர்ட்டுக்குப் போனார். 2008-இல் சுப்ரீம் கோர்ட்டார், வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்று வருஷப் பாக்கிக்கு மட்டுமே அவர் உரியவர் எனத் தீர்ப்பளித்தனர். அவர் காத்திருந்தது பதினாறு வருஷம். கிடைத்தது மூன்று வருஷப் பாக்கி.

ரிக்கார்டு ஆபீஸார் விண்ணப்பத்தை மறுத்துவிட்டால், சென்னையிலுள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இறுதி உத்தரவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் முறையிடுவது விதி. ஆதலால் மறுப்புக் கடிதம் வந்த உறையையும், அதிலுள்ள தபால் முத்திரையையும் பத்திரப்படுத்த வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இக்காரியத்தில் நமது சங்கங்கள் உதவக்கூடிய வகைகள் பல. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் பொதுச் சேவை மையங்கள் நடந்துவருகின்றன; ஸ்பர்ஷ் சம்பந்தமான வேலைகளையும் வருஷாந்தர உயிர்ச் சான்றையும் பொதுச் சேவை மையங்களில் முடித்துக்கொள்ளலாம். சங்கத்தின் காரியதரிசி வருஷத்தில் ஒரு நாளைக் குறித்து, முன்னாள் படைவீரரையும் விதவைகளையும் தத்தம் டிஸ்சார்ஜ் புஸ்தகம், பி.பி.ஓ., ஆதார், பாங்குப் புஸ்தகம் இந்நான்குடன் வரச்செய்ய வேண்டும். அன்று நான்கையும் ஒரு மேஜைமேல் பரப்பி, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், மனைவியின் பிறந்த தேதி, மக்கள் பெயர் ஆகிய ஆறு விஷயங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்ததாகும். எழுத்தறிந்த இளைஞர் இருவர் போதும். செலவு ஒன்றும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு திருத்தித் தருவதாகச் சொல்லித் திரியும் தரகர்களிடம் அங்கத்தினர்கள் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தையோ, கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணையோ கொடுத்து ஏமாறாதபடி அன்றே எச்சரிக்கவும் வேண்டும்.

படைவீரர் வீட்டில் உள்ளவர்கள் இதனைப் படித்து முடித்ததும் பெட்டியைத் திறந்து, டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைப் பார்ப்பார்களாக. மனைவியின் பெயர் அங்கே இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. ‘ஆம்’ என்றால் நிம்மதி. ‘இல்லை’ என்றால், அதற்கு விடை சொல்லத்தக்கவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே விருதுநகருக்குப் புறப்பட வேண்டும்.